கவுன் போட்ட மாரியம்மாளும் அடிக்காத மணியும்

ஷூட்டிங்குக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குக் கேமராவைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். பதினாறு வருஷம் பார்த்தேன். லென்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கடைசி வரை எனக்கு நிச்சயமில்லை. டைரக்டர் யாரைத் திட்டுகிறாரோ அவரைப் பார்த்துத்தான் கேமரா இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தெரிய வேண்டியது இரண்டுதான். சாப்பாட்டு வண்டி எங்கே நிற்கும், எதற்குத் தலையாட்டக் கூடாது. முதலாவதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். இரண்டாவதுக்குப் பதினோரு வருஷம் ஆனது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ‘இதை எழுதணுமா பாட்டி?’ என்று அவள் கேட்கிற இடமெல்லாம் கட்டாயம் எழுத வேண்டிய இடம் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். நான் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். அணைக்கட்டில் ஒரு பாட்டு எடுக்க வந்தவர்களுக்குக் குடம் தூக்க இருபது பெண்கள் தேவைப்பட்டார்கள். இருபதில் ஒருத்தியாகப் போனேன். பாட்டு என்ன பாட்டோ, எங்களுக்கு ஒருவரும் பாடிக் காட்டவில்லை. ஆனால் மத்தியானம் முட்டை போட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே இதுதான் எனக்கான வேலை என்று முடிவு செய்துவிட்டேன். சாத்தூரிலிருந்து ஆள் கொண்டுவரும் அக்கா ஒருத்தி என்னைச் சேர்த்துக்கொண்டாள். அவள் எனக்குக் கற்றுத்தந்தது ஒரே ஒரு பாடம்.

“ஏ ஞானம்மா, அவுக என்ன கேட்டாலும் மொதல்ல ‘ஆகட்டும் சார்’னு சொல்லிப்புடு. அது என்னன்னு பெறகு யோசிச்சுக்கிடலாம். மொதல்ல யோசிச்சா அடுத்த ஊர்க்காரி ஆளக் கொண்டாந்துருவா.”

நல்ல மனுஷி. பாடம்தான் தப்பு. அது தெரியாமல் பதினோரு வருஷம் ‘ஆகட்டும் சார்’ சொன்னேன். எருமை வேண்டுமா, ஆகட்டும் சார். எருமை அழ வேண்டுமா, ஆகட்டும் சார்.

அதற்கு நடுவில் ஒரு நாள் ஊர் பூத்துக்குப் போன் வந்தது. நாற்பது கிறிஸ்தவப் பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்களுடையது நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். எருமையை வெளியூரில் தேடினேன். இதற்கு எங்கள் தெருவைத் தாண்ட வேண்டியதில்லை. நாற்பது பேரையும் தலைக்குக் குளிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டி, கைக்குட்டையில் பைபிளைச் சுற்றி எடுத்துக்கொண்டு, வரிசையாகப் போய் நின்றோம். டைரக்டர் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

“நான் கிறிஸ்டியன்ஸ் கேட்டேனே?”

“இவங்கதான் சார்.”

“இவங்க சும்மா பொம்பளைங்க மாதிரில்ல இருக்காங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் சும்மா பொம்பளைகள்தான்.

அன்றைக்குத்தான் சினிமாவில் கிறிஸ்தவச்சி என்றால் யார் என்று தெரிந்துகொண்டேன். முட்டிக்குக் கீழே தொங்குகிற கவுன் போட்டிருப்பாள். கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலுவை. தமிழ் பேசப் பேச நடுவில் நாக்கு இங்கிலீஷில் வழுக்கும். புருஷன் தொப்பி போட்டுக் குடிப்பான், ஆனால் தங்கமான மனுஷன். துக்கம் வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், சந்தோஷம் வந்தால் பியானோ வாசிப்பாள். எங்கள் ஊரில் பியானோ இல்லை. கோயிலில் ஒரு ஆர்மோனியம் இருந்தது, அதில் எலி குடித்தனம் இருந்தது.

அது முதல் கவுன் தைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விருதுநகர் பஜாரில் ஒரு பாய் தையல்கடை வைத்திருந்தார். பன்னிரண்டு கவுன் தைக்க வேண்டும் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“யம்மா, நானும் முப்பது வருசமா ஒங்க ஆளுகளுக்குத் தச்சுக் கொடுக்கேன். இந்த உடுப்ப எங்கன வச்சு உடுத்துறீக?”

“ஒங்க கடையில வச்சுத்தான் பாய் நானே மொதல்ல பாக்குறேன்.”

“சினிமாவுக்கா?”

“சினிமாவுக்குத்தான்.”

“அப்படிச் சொல்லுங்க. எங்க ஆளுகளுக்கும் அப்படித்தான். சினிமாவுல எங்களப் பாத்தா எங்க வீட்டுப் பிள்ளைகளே பயப்படுது.” அளவு நாடாவை எடுத்தார். “கொஞ்சம் நீளமாவே வைக்கேன். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. துணி கிழியும். என் தையலு கிழியாது.”

கடைக்காரர் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அந்தத் தையல் இந்தக் கதையில் பிறகு வரும்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஒரு டிவி சீரியல்காரர்கள் எங்கள் ஊர்க் கோயிலிலேயே எடுக்க வந்தார்கள். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். போதகர் சாத்தூரில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஞானம்மா பொறுப்பில் என்றால் சரி என்று அனுமதி கொடுத்துவிட்டார். சாவி, பாய் விரிப்பு, விளக்கு, மணி எல்லாம் பார்த்துக்கொள்கிறவரைக் கோயில்பிள்ளை என்போம். எங்கள் கோயில்பிள்ளை அண்ணாச்சிக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். அவரும் அதையேதான் சொன்னார்: “நீ சொன்னா சரி தாயி.”

சீரியலில் ஸ்டெல்லா என்று ஒரு தாய். காணாமல் போன மகனுக்காகக் கோயிலில் அழுகிறாள். அப்போது மணி தானாக அடிக்கிறது. சபையே எழுந்து வெளியே ஓடுகிறது. வாசலில் மகன் நிற்கிறான். இவ்வளவுதான் காட்சி. ஸ்டெல்லாவாக நடிக்கிற சென்னை அம்மா கிட்டத்தில் எடுப்பதற்கு மட்டும்தான் வருவார். தூரத்திலிருந்தும் முதுகுப் பக்கமிருந்தும் எடுப்பதற்கு அதே உயரத்தில், அதே உடம்பில், சிவப்பாக ஒருத்தி வேண்டும். என் ஆட்களில் அப்படி இருந்தவள் மாரியம்மா மட்டும்தான். கவுனும் அவளுக்கு மட்டும்தான், சபையாக உட்காருகிற மற்றவர்களுக்குச் சேலையே போதும் என்றார்கள்.

மாரியம்மா எதிர்வீட்டுக்காரி. பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். பாய் தைத்த கவுனைப் போட்டு, சிலுவையைத் தொங்கவிட்டதும், டைரக்டர் கைதட்டினார்.

“இவங்க கிறிஸ்டியன்! பாத்தீங்களா, அந்த ஃபேஸ்லயே ஒரு அமைதி இருக்கு!”

“பல்லு வலி சார்” என்றாள் மாரியம்மா.

எங்கள் கோயிலில் சிலை கிடையாது. செட்காரர்கள் ஒரு மாதா சிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருத்தி, “யாரு இந்தப் பிள்ள, எந்த ஊரு?” என்று கேட்டாள். நூறு மெழுகுவர்த்தி வைத்தார்கள். சித்திரை வெயிலுக்கு அதெல்லாம் ஏற்றும் முன்பே வளைந்துவிட்டது. பறக்கவிட ஒரு கூடைப் புறா வந்தது. திறந்துவிட்டதும் அவை பறக்காமல் நடந்து போய் நிழலில் உட்கார்ந்தன. மறுநாள் எண்ணிப் பார்த்தபோது இரண்டு குறைந்தது. யார் வீட்டுக் குழம்பு என்று நான் விசாரிக்கவில்லை.

இதற்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஏன் என்றால், அன்றைக்குக் காலையில்தான் டைரக்டர் எனக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தார். பதினோரு வருஷம் கூட்டத்தில் நின்றவளுக்கு வசனம்! ‘ஸ்டெல்லா, கர்த்தர் உன் கண்ணீரைப் பார்த்துட்டார்.’ ஓடுவதற்கு முன்னால் மாரியம்மா தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அடுப்பிடம் சொல்லிப் பார்த்தேன், ஆட்டிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் மேனேஜர் பக்கத்தில் வந்து, “மணி அடிக்கிற ஷாட் இருக்கு, உங்க சர்ச் மணியை அடிச்சுக்கலாம்ல?” என்று கேட்டபோது, “ஆகட்டும் சார்” என்று சொல்லிவிட்டேன்.

எதற்குத் தலையாட்டினேன் என்று மூன்று மணிக்குத்தான் தெரிந்தது.

எங்கள் மணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோயிலுக்கு வெளியே மேட்டில் இரண்டு கல்தூணுக்கு நடுவே தொங்குகிறது. ஆராதனைக்கு நிதானமாக அடிப்பார் அண்ணாச்சி. யாராவது இறந்துபோனால் ஒரு அடி, இடைவெளி, மறுபடி ஒரு அடி. நிற்காமல் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ ஒரு பட்டாசு ஆலையில் வெடித்துவிட்டது.

வெடித்தால் சத்தமே கேட்குமே, மணி எதற்கு என்பீர்கள். எங்கள் பக்கம் குவாரியில் வெடிப்பார்கள், சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள், நாளெல்லாம் சத்தம்தான். எது எதற்கென்று யாருக்குத் தெரியும்? மேட்டில் ஏறிப் புகையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி அடிப்பார். செல்போன் எல்லார் மடியிலும் வராத காலம். ஆலைக்குள் அதைக் கொண்டுபோகவும் கூடாது. ஊரைச் சுற்றி எட்டு ஆலை. மணி நிற்காமல் அடித்தால் வீட்டில் இருக்கிறவர்கள் ஆலைக்கு ஓடுவார்கள். சாமி எதுவானாலும் சரி, எல்லோரும்தான்.

அதோடு போனால் பரவாயில்லை. ஆலைக்குள் இருக்கிறவளும் ஓடுவாள். அடுத்த அறையா, அடுத்த ஆலையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆலைக்குள் ஓடவே கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். தரையில் வெடிமருந்து சிந்தியிருக்கும். ஒரு கால் உரசினால் போதும்.

என் மகள் எஸ்தர் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் இருந்தாள். கோயில் வாசலில் நின்றால் அந்த ஆலையின் கேட் தெரியும்.

மூன்று மணிக்கு எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எப்படி அடிக்கணும்? ஆராதனை மணியா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்ல பெரியவரே. கடவுளே வந்து அடிக்கிற மாதிரி. நிக்காம. டாங் டாங் டாங் டாங்னு வெறித்தனமா” என்றார் டைரக்டர்.

அண்ணாச்சி கயிற்றை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தார்.

“ஞானம்மா. நீ சொல்லு.”

என் வாயில் அந்த வசனம்தான் இருந்தது. அதை முழுங்கிவிட்டு டைரக்டரிடம் போனேன்.

“சார், அப்படி அடிக்கக் கூடாது சார். ஆலையில பிள்ளைக வேல பாக்குதுக. வெடிச்சுருச்சுன்னு அதுக ஓடும். உள்ள ஓடுனா சேதமாயிரும்.”

“அஞ்சு நிமிஷம்மா. முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டா போச்சு.”

அவர் சொன்னது நியாயம்தான். மேனேஜர் போன் போட்டார். ஒரு ஆலையில் எடுத்தார்கள். இரண்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்துக்கு நம்பரே தெரியவில்லை. எடுத்த அந்த ஒன்றுதான் எஸ்தருடைய ஆலை. எடுத்தவர், ஓனர் சிவகாசி போயிருக்கிறார், சாயங்காலம் பண்ணுங்கள் என்று வைத்துவிட்டார்.

டைரக்டர் மேற்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். “பெஞ்ச் மேல விழுற லைட் போகுதுய்யா. இன்னும் அரை மணி நேரம்தான். நாளைக்கு ஆர்டிஸ்ட் இல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “காலையில ஆகட்டும்னு சொன்னீங்கள்ல?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“சொன்னேன் சார். வசனம் கிடச்ச சந்தோசத்துல சொல்லிட்டேன். இப்ப ஆகாது.”

பதினோரு வருஷத்தில் முதல்தடவை ‘ஆகாது’ என்று சொன்னேன். சொன்ன பிறகு பார்த்தால், வானம் இடிந்து விழவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல ஆசை. ஆனால் ஆகாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முப்பது பெண்களை வேலைக்கு லீவு போடவைத்துக் கூட்டிவந்திருக்கிறோம். ஷாட் இல்லை என்றால் அவர்கள் நாளும் போச்சு, எங்கள் ஊருக்கு இனி வண்டியும் வராது.

அப்போது மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “சார், நான் சொல்ற வசனமாச்சும் இங்கனயே பிடிக்கிறீகளா, இல்ல மெட்ராசுல வேற பிள்ள பேசுமா?”

“சத்தம் எல்லாமே சென்னையிலதான்மா. டப்பிங்.”

“அப்ப மணிச் சத்தமும்?”

“அதுவும்தான்.” சொல்லிவிட்டு அவரே வாயைத் திறந்தபடி நின்றார்.

அண்ணாச்சிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மணியின் நாக்கைச் சுற்றி துண்டைக் கட்டினார், அது போதாமல் நான் கொடுத்த பழைய பாவாடையைக் கிழித்து அதற்கு மேலே கட்டினார். கயிற்றை இழுத்தால் மணி நன்றாக ஆடியது. சத்தம், மெத்தையைத் தட்டினால் வருமே, ‘தொப்’ என்று, அவ்வளவுதான். கேமராக்காரர் பார்த்துவிட்டு, ஆட்டம் பிரமாதம் என்றார். நான் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு வசனத்தை மறுபடி நாக்கில் எடுத்து வைத்தேன்.

“ஆக்‌ஷன்!”

தொப், தொப், தொப். யாரும் அசையவில்லை. ஓட வேண்டியது நினைவு வந்து எழுந்தார்கள், ரேஷன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றால் எழுவது போல, பையைத் தேடிக்கொண்டு.

“கட்! ரியாக்‌ஷன் எங்க? மணி அடிக்குது! அதிசயம்! சந்தோஷம்!”

இரண்டாவது தடவை எல்லோரும் சந்தோஷமாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை ஒருத்திக்கு விக்கல்.

ஜன்னல் வெளிச்சம் பெஞ்சை விட்டுச் சுவருக்கு ஏறிவிட்டது. டைரக்டர் எழுந்து நின்றார். “சத்தம் இல்லாம வராதும்மா. துணியை அவுத்துடுங்க. ஒரே ஒரு தடவை. பத்தே செகண்ட்.” லைட்காரன் ஒருவன் ஏணிப் பக்கம் நடந்தான்.

பத்து செகண்டில் எஸ்தர் எத்தனை எட்டு வைப்பாள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. “இருங்க சார், நான் வரவைக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பெண்களுக்கு முன்னால் போய் நின்றேன். யோசித்துப் பேசவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ஏ பிள்ளைகளா. இந்த ஆளு அதிசயம்னு சொல்றத விடுங்க. நம்ம மணி அடிக்கி. நிக்காம அடிக்கி. அம்புட்டுத்தான்.”

போய் என் இடத்தில் நின்றுகொண்டேன். அண்ணாச்சி கயிற்றை இழுத்தார். தொப் என்றது.

யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியின் கையும் முதலில் இடுப்புச் சொருகலுக்குப் போனது, சேலையைத் தூக்கிச் செருக. பிறகு பெஞ்ச் விழுந்தது. முப்பது பேரும் வாசலில் முட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நானும் ஓடினேன். வசனம் எங்கே விழுந்ததோ தெரியாது. நான்தான் சொன்னேன், நான்தான் பாவாடை கொடுத்து நாக்கைக் கட்டவைத்தேன், இருந்தாலும் ஓடினேன்.

“கட்! கட்! சூப்பர்!” என்று கத்தினார் டைரக்டர். “இதான்யா பக்தி!”

அந்தச் சத்தம் கேட்டு வேப்பமரத்தடியில் ஒவ்வொருத்தியாக நின்றோம். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். மாரியம்மா நிற்கவில்லை. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிலுவை முதுகுப் பக்கம் பறக்க, கண்மாய்க்கரை மேல் ஆலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே ஆலையில் போனவன்.

“மாரி! ஏ மாரி! நில்லு பிள்ள!”

அவள் காதில் விழவில்லை. இந்தக் கோலத்தில் அவள் கேட்டில் போய்க் கத்தினால் வாட்ச்மேன் என்ன நினைப்பான்? உள்ளே ஒருத்தி எட்டிப் பார்த்தால் போதும், ‘ஊர்ல இருந்து ஓடியாறாக’ என்று ஒரு சத்தம், அறை அறையாகக் கிளம்பிவிடுவார்கள். மணியை ஊமையாக்கி வைத்துவிட்டு, அதற்குப் பதில் மாரியம்மாளை அனுப்பிவிட்டேன். நான் பின்னால் ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, தீப்பெட்டி ஒட்டி ஒட்டி முட்டி போன உடம்பு. அவளுக்கும் எனக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனது. கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது தெரிந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம், கரை இறங்குகிற இடத்தில் வேலிக்கருவை. அந்த இடத்தில் மாரியம்மா சட்டென்று நின்றாள். நின்றாள் என்று சொல்லக் கூடாது, யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல உட்கார்ந்தாள். கவுனின் கீழ்மடிப்பு முள்ளில் மாட்டியிருந்தது. அவள் இழுக்கிறாள், துணி கிழிகிறது. ஆனால் பாய் மடித்துத் தைத்த அந்த ஓரம் மட்டும் விடவே இல்லை. எங்கள் சனத்தில் ஒருத்தியும் உடுத்தாத உடுப்பு அது. அதை நீளமாகத் தைத்த கைக்கு இன்றைக்கும் நான் ஜெபத்தில் இடம் வைத்திருக்கிறேன்.

மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். வாட்ச்மேன் கேட்டிலிருந்தே கேட்டான்: “யாருக்கா அது, வெள்ளக்காரியா?”

“சினிமாடா. ஒண்ணுமில்ல. நீ உக்காரு.”

உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மாரியம்மா பக்கத்தில் முள்ளுக்குள்ளேயே உட்கார்ந்தேன். “மணி அடிக்கல மாரி. சும்மா நான்தான் சொன்னேன்.”

“தெரியும்க்கா.”

“ஒனக்கு அங்கன யாரு பிள்ள இருக்கா, இப்படி ஓடியாற?”

“ஒருத்தரும் இல்லக்கா. அதுவும் தெரியும்.” முள்ளை எடுக்காமல் காலைப் பார்த்தாள். “போன தடவ மணி அடிக்கிறப்ப கண்மாயில துணி தொவச்சிக்கிட்டு இருந்தேன். அலசிட்டுப் போவோம்னு ரெண்டு நிமிசம் நின்னுட்டேன். எனக்கு எல்லாம் தெரியும்க்கா. இந்தக் காலுக்குத்தான் தெரியல.”

நான் முள்ளை எடுத்தேன். வேறு என்ன செய்ய? பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது போயே போச்சு என்றாள்.

நான் செய்தது சரியா என்று பேத்தி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். மணியை அடித்திருந்தால் எட்டு ஆலை ஓடியிருக்கும். அடிக்காமல் முப்பது பேரை ஓடவைத்தேன். அதில் ஒருத்திக்குக் கால் கிழிந்தது. அவள் உள்ளே என்ன கிழிந்ததோ, அதற்கு நான்தான் காரணம். பிள்ளைகளா, அவர்கள் கேட்கிற அழுகையும் பயமும் நம் ஆட்களிடம் நிறைய இருக்கும். எடுத்துக் கொடுப்பது சுலபம், நமக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியுமே. அதனாலேயே யாருடையதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும். நான் அன்றைக்கு முப்பது முகத்தையும் பார்த்துப் பேசியதாகத்தான் நினைத்தேன். கவுன் போட்டிருந்ததால் மாரியம்மாளை மட்டும் ஸ்டெல்லா என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காட்சி டிவியில் வந்தது. சாயங்காலம் ஆறரை மணி, ஆலை விட்டு எல்லோரும் வந்தாகிவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் அதே சேனல். எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் வசனம் வரவில்லை. ஓடும்போது விழுந்தது விழுந்ததுதான். ஸ்டெல்லா அழுதாள். மெழுகுவர்த்தி எரிந்தது. புறா பறந்தது, அது வேறு ஊர்ப் புறா.

அப்புறம் மணி அடித்தது.

சென்னையில் யாரோ சேர்த்த மணி. நிற்காமல், வெறித்தனமாக, டைரக்டர் கேட்டது போலவே. நாற்பது வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில்.

எனக்கு நினைவு வந்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தேன், செருப்பு இல்லாமல், சேலையைச் செருகிக்கொண்டு. தெருவே வெளியே வந்து நின்றது. அண்ணாச்சி மேட்டில் ஏறி மணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் தொங்கியது.

“யம்மா!” எஸ்தர் கையில் வெங்காயத்தோடு வாசலுக்கு வந்தாள். “எங்கன ஓடுற? நான் ஒன் பக்கத்துலதான இருக்கேன்!”

“தெரியும் பிள்ள” என்றேன்.

தெருவில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு வாசலில் மாரியம்மா நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.